சீட்டில் அச்சிட்ட நேரமும் ஓட்டுநரின் தூக்கமும்: எங்கள் நிலைப்பாடு

கடந்த பொதுக்குழுவில் நடந்ததை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நேரம் குறித்த நுழைவுச் சீட்டு உள்ள எந்த அரண்மனைக்கும் இனி வண்டி எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் வந்தது. பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் எழுந்து போனார்கள். அரையாண்டு விடுமுறைக்கு அட்வான்ஸ் வாங்க ஆரம்பித்துவிட்ட நேரத்தில் இதை அப்படியே விட முடியாது என்பதால், எர்ணாவூரில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர்களும் வைத்திருப்பவர்களுமான நாங்கள் செயற்குழுவில் மூன்று முறை உட்கார்ந்து பேசி இதை வெளியிடுகிறோம். எல்லாரும் முழு மனதோடு ஏற்ற வரிகளும் இதில் உண்டு, சிலர் பொறுத்துக்கொண்ட வரிகளும் உண்டு.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதைச் சங்கம் கொள்கை அளவில் எதிர்க்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போய் வந்தவர் யாரும் எதிர்க்க மாட்டார். பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கியிருக்கும் பூக்களை ஒருவர் அண்ணாந்து பார்த்து நின்றால் பின்னால் வருகிற வரிசையே நின்றுவிடும். படிகள் செங்குத்தான மரப்படிகள், வாசல்கள் தலை குனிந்து நுழையும் வாசல்கள். வெறுங்காலில் நடக்கும்போது அந்தக் கருந்தரை இன்னும் குளிர்ச்சியாக, முகம் தெரியும் பளபளப்போடு இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்து உப்பரிகை மாளிகையில் நான்கு பஸ் கூட்டத்தை ஒரே நேரத்தில் ஏற்றச் சொல்ல எங்களுக்கு மனசு வராது. உள்ளே ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்பதைத் தொல்லியல் துறை முடிவு செய்யட்டும். அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்க, பராமரிப்பு கேரள அரசிடம் இருப்பதைப் பற்றியும் எழுதச் சிலர் சொன்னார்கள். அது வேறு பேச்சு, இங்கே வேண்டாம் என்று முடிவானது.

எங்கள் எதிர்ப்பு ஒன்றே ஒன்றுக்குத்தான். 700 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி வருகிறவன் கையில் ‘காலை 10 முதல் 10.30 வரை’ என்று அச்சிட்ட சீட்டைக் கொடுக்காதீர்கள்.

போன கோடை விடுமுறையில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறோம். எந்த அரண்மனை என்று சொல்ல வேண்டாம் என்பது செயற்குழு முடிவு. சுனாமி குடியிருப்பிலிருந்து 17 பேரோடு ஒரு டெம்போ டிராவலர் கிளம்பியது. பெரும்பாலும் மீன் விற்கிற பெண்களும் அவர்கள் பிள்ளைகளும், வாராவாரம் சேர்த்த பணத்தில் போகிற பயணம். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை அன்றைக்கும் நகரவில்லை. எம்.எஃப்.எல். சந்திப்பைத் தாண்டும்போதே இரண்டு மணி நேரம் போய்விட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை ஓட்டுநர் எங்கே பிடிப்பார்? டீக்கு நிறுத்தவில்லை, சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம். பின் சீட்டிலிருந்த பாட்டியம்மா, “ஓரங்கட்டிட்டுக் கொஞ்சம் தூங்குப்பா” என்று சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் போனில் இருந்த சீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. சரளைக்கல் வண்டியின் அடியில் அடித்த சத்தத்தில்தான் அவருக்கே விழிப்பு வந்தது.

அத்தனைக்குப் பிறகும் 40 நிமிடம் தாமதம். அடுத்த நேரம் நிரம்பிவிட்டது என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். பார்ட்டி வாடகையில் பிடித்தது, உரிமையாளர் பேட்டாவில் பிடித்தார். அந்த உரிமையாளரும் நம் உறுப்பினர்தான், அதையும் மறைக்க விரும்பவில்லை. 17 உயிரை ஓட்டுநரின் வலது காலில் கட்டிவிட்டு, தாமதத்துக்கும் அவரையே குற்றவாளி ஆக்குகிற ஏற்பாட்டை எந்தப் பெயரில் கொண்டுவந்தாலும் ஏற்க மாட்டோம்.

2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது. நெடுந்தூரப் பயணத்துக்கு அனுமதி வாங்கினால் 10 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. எர்ணாவூரிலிருந்து பத்மநாபபுரத்துக்கு ஒரே ஓட்டுநர் ஒரே மூச்சில் போனால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. முந்தின நாளே போய் நாகர்கோவிலில் லாட்ஜ் எடுக்கலாமே என்கிறார்கள். 17 பேருக்கு ரூம் வாடகை யார் தருவது? எங்கள் பார்ட்டிகள் வண்டியில்தான் தூங்குகிறார்கள்.

கூட்டத்தைக் குறைக்க வேறு வழியே இல்லை என்று சொல்வதை நாங்கள் நம்பவில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அதில் நமக்கு நூறு குறை உண்டு. ஆனால் அது நாளைக் குறிக்கிறது, மணியைக் குறிக்கவில்லை. வழியில் நிறுத்தித் தூங்கிவிட்டு மதியம் போனாலும் பாஸ் செல்லும். தாஜ்மகாலில் 2018 ஏப்ரலிலிருந்து மூன்று மணி நேர வரம்பு. அங்கே கணக்கு தொடங்குவது உள்ளே நுழைந்த பிறகு. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா கோட்டையில் நெருக்கடியான நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும்தான் நேரம் அச்சிடுகிறார்கள். தோட்டத்துக்கும் மற்ற இடங்களுக்கும் அந்தக் கறார் இல்லை. திருப்பதி டோக்கனைச் சிலர் உதாரணம் காட்டினார்கள். நமக்குத் திருப்பதி மூன்று, நான்கு மணி நேர ஓட்டம்; அது இதற்குப் பொருந்தாது.

எனவே, பத்மநாபபுரமோ மதுரை திருமலை நாயக்கர் மகாலோ, எங்கே நேரச் சீட்டு யோசித்தாலும், வெளியூர்க் குழுக்களுக்கு முற்பகல், பிற்பகல் என்று அரை நாள் அளவில் சீட்டு தரப்பட வேண்டும். தாமதமாக வருகிறவர்களை அன்றைக்கே பின்னால் வருகிற வரிசையில் சேர்க்க ஒவ்வொரு நேரத்திலும் இடம் ஒதுக்க வேண்டும். கவுன்ட்டரிலும் சீட்டு கிடைக்க வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் ஓட்டுநர் காலை நீட்டிப் படுக்க ஒரு கூரையும் கழிப்பறையும் வேண்டும். கடைசிக் கோரிக்கை அதிகப்படி என்று செயற்குழுவில் இருவர் கருதினர். பெரும்பான்மையினர் அப்படிக் கருதவில்லை.

புறக்கணிப்புத் தீர்மானம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது, கைவிடப்படவில்லை. இந்தக் கோரிக்கைகள் ஏற்கப்படும் வரை உறுப்பினர்களுக்கு: நேரச் சீட்டு உள்ள இடத்துக்கு ட்ரிப் பேசினால் இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம், அவருடைய பேட்டாவை வாடகையிலேயே சேர்த்துப் பேசுங்கள். சீட்டு நேரம் தவறினால் ஓட்டுநர் பொறுப்பில்லை என்று அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். தூங்குவதற்காக வண்டியை நிறுத்திய ஓட்டுநரின் பேட்டாவில் கை வைக்கும் உரிமையாளர் எவராக இருந்தாலும், சங்கப் பொறுப்பில் இருப்பவராகவே இருந்தாலும், உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. கோடையில் அந்த ஓட்டுநரிடம் பிடித்த பேட்டாவை இந்த மாத இறுதிக்குள் திருப்பித் தரும்படி சம்பந்தப்பட்ட உறுப்பினருக்குக் கடிதம் போயிருக்கிறது.