ஜெர்மனியில் பிசினஸ் இங்கிலீஷ் டீச்சர் ஆகலாமா? சர்டிஃபிகேட்டை விட கணக்கு முக்கியம்!

பார்ட்னருக்கு மியூனிக்கிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ ஐ.டி. வேலை. புளூ கார்டு வந்தாச்சு. கூடவே போகிறவர் சென்னையில் நல்ல வேலையில் இருந்தவர். ஜெர்மன் இன்னும் ஏ2-வைத் தாண்டவில்லை. அப்போது வரும் யோசனை இதுதான்: 'இங்கிலீஷ் நல்லா வருமே, கம்பெனிகளுக்கு பிசினஸ் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தா என்ன?'

தாராளமாகச் செய்யலாம். ஆனால், பயப்பட வேண்டாத இடத்தில் நாம் பயப்படுகிறோம். பயப்பட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். இதுதான் பிரச்னை.

பயப்பட வேண்டாத இடம்

'நான் நேட்டிவ் ஸ்பீக்கர் இல்லையே' என்பதுதான் முதல் தயக்கம். பிரிட்டன் 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, ஆங்கிலம் ஆட்சிமொழியாக இருக்கும் உறுப்பு நாடுகள் அயர்லாந்தும் மால்டாவும்தான். ஸ்டுட்கார்ட் இன்ஜினீயர் ஒருவர் போலந்து சப்ளையரிடமும் புனே டீமிடமும்தான் இங்கிலீஷ் பேசுகிறார். அவருக்கு லண்டன் உச்சரிப்பு தேவையில்லை. கால் குழப்பமில்லாமல் முடிய வேண்டும், மெயில் மரியாதையாக இருக்க வேண்டும், விலை பேசும்போது திணறக் கூடாது. ஓ.எம்.ஆரில் பல வருடம் கிளையன்ட் கால் எடுத்தவருக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல, தினசரி பார்த்த வேலை.

சட்டமும் ஓரளவு துணைக்கு இருக்கிறது. இன அடிப்படையிலான பாகுபாட்டை ஜெர்மனியின் 2006-ம் ஆண்டு சம நடத்தைச் சட்டம் தடுக்கிறது. வேலை விளம்பரத்தில் ஜெர்மன் 'தாய்மொழியாக' இருக்க வேண்டும் என்று கேட்டதே பாகுபாடு என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017-ல் சொன்னது. மொழியை எவ்வளவு நன்றாகக் கையாள வேண்டும் என்று கேட்கலாம், எங்கே பிறந்தாய் என்பதுபோல் கேட்கக் கூடாது என்பதே சாரம். ஆனால், சட்டம் இருப்பதாலேயே இன்டர்வியூ அழைப்பு வந்துவிடாது. எந்தத் துறையில், எந்த மாதிரி மீட்டிங்குகளை நடத்தினீர்கள் என்பது சி.வி.யின் முதல் பாதியிலேயே தெரிய வேண்டும்.

உண்மையிலேயே வேண்டியது

ஒன்று, வகுப்பறை அனுபவம். கேம்பிரிட்ஜின் செல்டா கோர்ஸ் குறைந்தது 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். வீடியோ மட்டும் பார்த்து முடிக்கும் மலிவான ஆன்லைன் கோர்ஸில் இந்த 6 மணி நேரம்தான் மிஸ்ஸிங்.

இரண்டு, ஜெர்மன். 'இங்கிலீஷ்தானே சொல்லித் தரப் போறேன்' என்று அதை ஒதுக்காதீர்கள். 'ஐ பிகம் எ மெயில்' என்று மாணவர் சொன்னால், அவர் மனதில் இருப்பது 'பெறு' என்று பொருள்படும் 'பெகோமன்'. 'எவென்டுவெல்' என்றால் ஜெர்மனில் 'ஒருவேளை'. அதை நினைத்து 'ஈவென்சுவலி' என்று எழுதினால் ஒப்பந்தமே அர்த்தம் மாறிவிடும். தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த டீச்சருக்குத்தான் மதிப்பு.

எங்கே தேடுவது? கம்பெனிகளுக்கு டிரெய்னர்களை அனுப்பும் மொழிப் பள்ளிகள் ஒரு வழி. 'ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலே' எனப்படும் மக்கள் கல்வி மையங்கள் இன்னொரு வழி. நாடு முழுக்க சுமார் 900 இருக்கின்றன.

பயப்பட வேண்டிய இடம்

இந்த வேலைகளில் பெரும்பகுதி மாதச் சம்பளம் அல்ல, ஃப்ரீலான்ஸ். எனவே முதல் கேள்வி விசா. குடும்ப இணைப்பு விசாவில் போகும் துணைவர் சுயதொழிலும் செய்யலாம். ஸ்டூடண்ட் விசாவிலோ, வேலை தேடும் 'சான்ஸ் கார்டி'லோ இருப்பவர்கள் அனுமதி வாங்காமல் ஃப்ரீலான்ஸ் தொடங்கக் கூடாது.

அடுத்தது பென்ஷன். பெரும்பாலான ஃப்ரீலான்ஸர்களுக்கு ஜெர்மனியில் அரசு பென்ஷன் கட்டாயமில்லை. ஆனால், ஊழியர் யாரையும் வைக்காமல் தனியாகப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்குக் கட்டாயம். மாத வருமானம் மினிஜாப் வரம்பைத் தாண்டினால் (2025-ல் 556 யூரோ) 18.6 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளக்காரருக்குப் பாதியை முதலாளி கட்டுவார். இங்கே முழுவதும் உங்கள் பாக்கெட்டிலிருந்து. செலவு போக மாதம் 1,500 யூரோ நின்றால், 279 யூரோ அதற்கே போகும். மூன்று மாதத்துக்குள் நீங்களே போய்ப் பதிவு செய்ய வேண்டும். தெரியாமல் விட்டால் பழைய பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸும் அப்படித்தான். துணைவரின் பெயரில் இலவசமாக இருப்பது வருமான வரம்புக்குள் இருக்கும்வரைதான்.

இதையெல்லாம் மொழிப் பள்ளி சொல்லாது. அது சொல்வது ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று மட்டும்தான். யூனிட் என்பது 45 நிமிடம். டிரெயினில் போகும் ஒரு மணி நேரமும், பாடம் தயாரிக்கும் நேரமும், கிறிஸ்துமஸ் வாரமும் அதில் வராது.

மாற்றம் வராமல் இல்லை. ஹெரன்பெர்க் நகர இசைப்பள்ளியில் ஃப்ரீலான்ஸராக இருந்த பியானோ ஆசிரியை உண்மையில் ஊழியர்தான் என்று கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. பள்ளி சொன்ன இடத்தில், பள்ளியின் ஏற்பாட்டில் பாடம் எடுப்பவரை 'சுயதொழில்' என்று எழுதிவிட்டால் போதாது என்பதே அதன் தாக்கம். பள்ளிகளுக்கு அவகாசம் தர 2025-ல் இடைக்கால விதி ஒன்றும் வந்தது. அதனால், இப்போது கான்ட்ராக்ட் நீட்டுபவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது உங்கள் உரிமை:

• நான் ஊழியரா, ஃப்ரீலான்ஸரா?
• மாணவர் கடைசி நேரத்தில் கேன்சல் செய்தால் பணம் உண்டா?
• பயண நேரத்துக்கு என்ன தருவீர்கள்?

பதில் மழுப்பலாக வந்தால் அந்த வேலை வேண்டாம். நெகோஷியேஷன் சொல்லிக் கொடுக்கப் போகிறவர், தன் ரேட்டுக்கே நெகோஷியேட் செய்யாவிட்டால் எப்படி?