பிராணவாயுவுக்கு எண்ணெய் பகை



தோட்டத்துத் தாய் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவருடைய மகன் ஆகாய விமானங்களின் பிராணவாயுக் கருவிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த நாள் முதல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக மாட்டேன் என்கிறானாம். "வேலைக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம் ஐயா? இது ஆபத்தான வேலையா? அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் போய்வர விமானம் ஏறுகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆகவே இந்த விடை அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

பையன் சொல்வது சரி, அம்மா. பட்டணத்து வெல்டிங் பட்டறையில் பிராணவாயுச் சிலிண்டரின் தலையில் வட்டமான அளவுமானி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் எண்ணெய் படக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பிராணவாயு தானாக எரிவதில்லை. ஆனால் எரியக்கூடிய பொருள் எதுவானாலும் அதை வெறிபிடித்தாற்போல் எரியவைக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் அது ஐந்தில் ஒரு பங்குதான். விமானச் சிலிண்டரிலோ நூற்றுக்கு 99.5 பங்குக்குக் குறையாத சுத்தமான பிராணவாயு, சதுர அங்குலத்துக்கு 1,850 இராத்தல் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. மோட்டார் வண்டியின் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 இராத்தல் சொச்சம்தான். இப்படி நெருக்கி அடைத்த பிராணவாயு பாயும் இடத்தில் ஒரு துளி எண்ணெய்க் கறை இருந்தாலும் அது தீப்பற்றிக்கொள்ளலாம்.

நெருப்புக்குச்சி இல்லாமல் தீ எப்படி வரும் என்று கேட்பீர்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? காற்றை நெருக்கினால் சூடாகும். சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறந்தால் பாய்ந்து வரும் வாயு குழாயின் முனையில் நெருங்கிக் கொதிக்கிறது. அங்கே எண்ணெய் இருந்தால் அந்தச் சூடே போதும். அதனால்தான் வால்வை மெல்ல மெல்லத் திறக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். தலை எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம், உதட்டுச் சாயம், கிரீஸ் பட்ட துணி எல்லாம் அங்கே பகை. மற்ற வேலைக்கு எடுத்த ஸ்பேனரை இங்கே தொடக்கூட விடமாட்டார்கள். இதற்கென்று தனி ஆயுதங்கள் வைத்திருப்பார்கள். கழுவிய பாகங்களைக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் காட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

விமானத்தில் பிராணவாயு எதற்கு? விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது வெளியே இருக்கும் காற்றை மூச்சாகக் கொண்டால் ஒரு நிமிடத்துக்குள் புத்தி தடுமாறிவிடும். ஆகவே உள்ளே காற்றை அடைத்து, 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற நிலைக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அடைப்பு எங்கேயாவது விட்டுப்போய், உள்ளே இருக்கும் காற்று 14,000 அடி உயரக் காற்றைப்போல் மெலிந்துவிட்டால் (நம் கினாபாலு மலையுச்சியைவிடச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) தலைக்கு மேலுள்ள பெட்டி திறந்து மஞ்சள் முகமூடிகள் தாமாகத் தொங்கும்.

விமானிகளுக்குச் சிலிண்டரிலிருந்து வாயு வருகிறது. ஒற்றைக் கையால், ஐந்தே விநாடியில் அந்த முகமூடியை மாட்டிக்கொள்ள முடியவேண்டும் என்பது விதி. பட்டறைக்கு வரும் முகமூடியை முழுதும் கழற்றி, வளையம், வாஷர் என்று தேயக்கூடியதையெல்லாம் புதிதாகப் போட்டு, உயரத்து மெல்லிய காற்றைப் பொய்யாக உண்டாக்கும் சோதனைப் பெட்டியில் வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு வாயு விடுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். முகத்தில் படும் பகுதி இக்காலத்தில் பெரும்பாலும் சிலிக்கோன்; நாம் மரம் வெட்டி எடுத்த பால் அல்ல. சொல்லக் கொஞ்சம் வருத்தம்தான்.

சிலிண்டரின் கதை இன்னும் கடுமையானது. மெல்லிய எஃகால் செய்த ஒரு வகையை மூன்றாண்டுக்கு ஒரு முறை சோதிக்கவேண்டும். உள்ளே தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 3,000 இராத்தலுக்கு மேல் ஏற்றி, சிலிண்டர் எவ்வளவு வீங்குகிறது, பிறகு பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பாமல் தங்கிவிட்ட வீக்கம் அளவு மீறினால் அதோடு அதன் கதை முடிந்தது. தேறினாலும் 24 ஆண்டு, அல்லது 4,380 முறை நிரப்புதல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் ஆயுள். பார்க்கப் புத்தம் புதிதாக மின்னினாலும் தள்ளவேண்டியதுதான். சோதனைக்குப் பிறகு உள்ளே ஈரம் சொட்டுக்கூட இருக்கக்கூடாது. மேலே போனால் அது உறைந்து வால்வை அடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் புதிராக நிற்கும் சம்பவமும் உண்டு. 2008 ஜூலையில் ஹாங்காங்கிலிருந்து மெல்பர்னுக்குப் பறந்த குவாண்டாஸ் ஜம்போ விமானத்தில் ஒரு பிராணவாயுச் சிலிண்டர் வெடித்து விமானத்தின் உடலில் பெரிய ஓட்டை போட்டது. விமானம் மணிலாவில் இறங்கியது, யாருக்கும் காயமில்லை. சிலிண்டர் கடலில் விழுந்துவிட்டதால் அது ஏன் வெடித்தது என்று கடைசிவரை உறுதி செய்ய முடியவில்லை.

பயணிகளுக்கு வரும் பிராணவாயு பல விமானங்களில் சிலிண்டரிலிருந்து வருவதில்லை. தலைக்கு மேலே சிறு உலோகக் குப்பி இருக்கிறது. அதில் சோடியம் குளோரேட் என்ற உப்பு. பழைய காலத்தில் நம் தோட்டங்களில் களைக்கு அடித்த மருந்தில் சேர்த்தார்களே, அதே உப்புதான். முகமூடியை இழுத்ததும் ஓர் ஊசி தட்டும்; உப்பு வெந்து பிராணவாயுவை வெளிவிடும். குப்பியின் வெளிப்புறம் 200 டிகிரிக்கும் மேல் கொதிக்கும். ஒரு முறை தட்டிவிட்டால் நிறுத்த முடியாது.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் நடந்ததை இங்கே சொல்லியாகவேண்டும். காலக்கெடு முடிந்த இத்தகைய குப்பிகளை ஒரு பராமரிப்பு நிறுவனம் வேறு விமானங்களிலிருந்து கழற்றியது. ஊசி தட்டாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி போடவேண்டும். பட்டறையில் அந்த மூடி இல்லை. இருந்தும் வேலைச் சீட்டில், போட்டாயிற்று என்று கையெழுத்து விழுந்தது. குப்பிகள் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. 'காலாவதி' என்று எழுதியிருந்ததைப் பண்டசாலைக்காரர் 'காலி' என்று எடுத்துக்கொண்டார். ஏற்றுமதிச் சீட்டிலும் அப்படியே எழுதப்பட்டது. காலி இல்லை, பெரும்பாலானவை உயிரோடிருந்தன. வேலுஜெட் விமானத்தின் சரக்கறையில், டயர்களோடு சேர்த்து ஏற்றினார்கள். மயாமியை விட்டு எழும்பிய சில நிமிடங்களில் தீ. விமானம் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேரும் மாண்டார்கள்.

சில காசு பெறாத மூடி. ஆனால் என்னை அதைவிட உறுத்துவது அந்தக் கையெழுத்து.

இப்போது தாய்க்குப் பதில் சொல்கிறேன். ஆபத்து உண்டு, ஒழுங்காக நடத்தும் பட்டறையில் அது கட்டுக்குள் இருக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மகனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலைக் கையேட்டின் இன்றைய பதிப்பு கையில் இருக்கிறதா? பாகம் கையிருப்பில் இல்லையென்றால் வேலையை நிறுத்திவைக்க விடுகிறார்களா? செய்யாத வேலைக்குக் கையெழுத்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? கடைசிக் கேள்விக்குப் பையன் தலையைக் குனிந்தால், வேறு பட்டறை பார்க்கச் சொல்லுங்கள். மூத்தவர் ஏசுவார், அந்த மாதம் ஓவர்டைம் போகும், போகட்டும். எண்ணெய்க்குக் கவலை வேண்டாம். லீவு நாளில் வைத்துவிடுங்கள், மறுநாள் சீயக்காய் போட்டு நன்றாக அலசிவிட்டு வேலைக்குப் போகட்டும்.

விமானம் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகமூடி தொங்கினால் அதைப் பலமாக உங்கள் பக்கம் இழுங்கள். இழுத்தால்தான் குப்பி தட்டும். முதலில் உங்களுக்கு மாட்டிக்கொண்டு பிறகு பிள்ளைக்கு மாட்டுங்கள். நீங்கள் மயங்கிவிட்டால் பிள்ளைக்கு மாட்ட ஆளில்லை. லேசாகக் கருகிய வாடை வரலாம், பயப்படாதீர்கள். மேலே குப்பி சூடேறும் வாடை அது. முகமூடியோடு தொங்கும் பை உப்பாமல் இருந்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். குப்பி சுமார் 12 நிமிடமாவது தாங்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார்; அங்கே முகமூடி இல்லாமலே மூச்சு விடலாம்.