நோயாளர் எழுதினார், கேட்டவர் யார்?

இங்கிலாந்தில் மனநோய் வைத்தியசாலையொன்றில் இருந்த டேவிட் பெனற் என்னும் கறுப்பினத்தவர், 1993இல் தாதியர் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின நோயாளர் அரை டசினுக்கு மேல் இருக்கையில், ஊழியருள் ஆபிரிக்கர் ஒருவரேனும் இல்லையே என்றார். பித்தர் வாக்கா இது? 1998 ஒக்டோபரில், நோரிச் நகரில், தாதியர் அவரைக் குப்புறக் கிடத்தி ஏறக்குறைய 25 நிமிடம் அழுத்திப் பிடித்தனர், உயிர் பிரிந்தது. சேவையில் இனபேதம் ஊறிக் கிடக்கிறதென்று விசாரணைக்குழு சொல்ல 2004 ஆயிற்று! நோயாளரோ பதினோராண்டு முன்னரே சொல்லிவிட்டார்.

அங்கே மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயத் தடுப்பில் வைக்கப்படும் கறுப்பினத்தவரின் வீதம், இன்றும் வெள்ளையரின் வீதத்தைப்போல் மும்மடங்குக்கு மேல். இதைத் தீர்க்க, நோயாளரையும் பராமரிப்போரையும் சேர்த்தே மனநல நிலையங்கள் திட்டமிடவேண்டுமென 2023இல் தேசிய சுகாதார சேவை விதித்தது. நன்று, வரவேற்கின்றோம். ஆயினும், பதில் சொல்லும் கடமை எதிர்த்தரப்பில் இல்லாத உரிமையைச் சட்டம் பயின்ற நாம் உரிமையென ஏற்கோம். தேநீர் கொடுத்து, அபிப்பிராயம் கேட்டு, வாசல்வரை வழியனுப்புவது பங்களிப்பாகுமா? ஊழியரைத் தெரிவுசெய்யும் சபையில் நோயாளருக்கு வாக்கு வேண்டும். பலாத்காரம் பிரயோகித்த பதிவேடுகள் அவர்தம் பிரதிநிதிகள்முன் திறக்கப்படவேண்டும். அவர் எழுதும் முறைப்பாட்டுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் விடை வரவேண்டும்.