ஏழே நொடியில் ஜலசமாதி! இரவுப் படகு சவாரிக்குப் பொறுப்பு யார்?

2019-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. இரவு மணி 9-ஐத் தாண்டி 5 நிமிடம். ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். மழை "சோ"வென்று கொட்டிக்கொண்டு இருந்தது.

ஊரின் நடுவே ஓடும் டான்யூப் ஆற்றில் ஒரு சின்ன உல்லாசப் படகு போய்க்கொண்டு இருந்தது. அதன் பெயர் "ஹாப்லேயானி". அந்த ஊர் மொழியில் "கடல்கன்னி" என்று அர்த்தம். படகில் மொத்தம் 35 பேர். அதில் 33 பேர் தென்கொரியர்கள். பெரும்பாலோர் ஊர் பார்க்க வந்தவர்கள். மற்ற 2 பேர் படகைச் செலுத்திய ஹங்கேரிக்காரர்கள். வந்தவர்களில் ஒரு 6 வயதுச் சிறுமியும் உண்டு. அம்மா, தாத்தா, பாட்டியோடு உல்லாசப் பயணம் வந்த குழந்தை.

விளக்கு ஜொலிக்கும் கட்டிடங்களைப் பார்த்தாகிவிட்டது. போட்டோ எடுத்தாகிவிட்டது. கரைக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. மார்கிட் பாலத்தின் கீழே படகு நுழைந்தது. அப்போது பின்னால் இருந்து வந்தது ஒரு ராட்சதக் கப்பல். ஆற்றில் மிதக்கும் ஓட்டல் அது. நீளம் 135 மீட்டர். கடல்கன்னியின் நீளமோ 27 மீட்டர். ஐந்துக்கு ஒன்று!

பெரிய கப்பல் இடித்தது. சின்னப் படகு திரும்பியது, கவிழ்ந்தது, மூழ்கியது. இடித்ததில் இருந்து மூழ்கியது வரை 7 நொடி என்று போலீசார் சொன்னார்கள்.

ஏழே நொடி! கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

உயிர் பிழைத்தவர்கள் 7 பேர். மற்ற 28 பேரையும் ஆறு கொண்டுபோய்விட்டது. 27 உடல்கள் கிடைத்தன. ஒரு உடல் கிடைக்கவே இல்லை. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட சில உடல்கள் 100 கிலோமீட்டருக்கு அப்பால் ஒதுங்கின. ஆற்றின் வேகம் குறைந்து, 13 நாள் கழித்துத்தான் படகைக் கிரேன் வைத்துத் தூக்க முடிந்தது. அந்தச் சிறுமியின் உடலும் அப்போதுதான் கிடைத்தது.

விபத்து நடந்தபோது படகில் ஒருவர்கூட லைப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

போகாமல் இருக்க முடியுமா?

இதைப் படித்ததும், "ராத்திரியில் ஆற்றில் என்ன வேலை? வீட்டில் கிடக்க வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். அது சரியான பேச்சு அல்ல.

பகலில் பார்க்கும் ஊர் வேறு, ராத்திரியில் தண்ணீர் மேல் இருந்து பார்க்கும் ஊர் வேறு. புடாபெஸ்ட் என்பதே ஆற்றின் இரு கரையிலும் இருந்த ஊர்களை 1873-ல் ஒன்றாக்கிப் பிறந்த நகரம். ஒரு பக்கம் மலையும் அரண்மனையும் உள்ள புடா. மறுபக்கம் சமவெளியில் கடைத்தெருக்கள் நிறைந்த பெஸ்ட். இரண்டையும் இணைத்த முதல் நிரந்தரப் பாலமான சங்கிலிப் பாலம் 1849-ல் திறக்கப்பட்டது. இரண்டாவது உலகப் போரின் கடைசியில் தோற்று ஓடிய ஜெர்மன் படை ஊரில் இருந்த பாலங்களை எல்லாம் வெடி வைத்துத் தகர்த்தது. ஜனங்கள் திரும்பக் கட்டினார்கள். கரையோரம் நிற்கும் பார்லிமெண்டுக் கட்டிடம் மட்டும் 268 மீட்டர் நீளம். அதன் கோபுரம் 96 மீட்டர் உயரம். ராத்திரியில் விளக்கு போட்டால் முழுக் கட்டிடமும் தண்ணீரில் தலைகீழாகத் தங்கம் போல மிதக்கும்.

இதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆயுள் முழுவதும் ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைந்தவன், கடையைத் திறந்து மூடியே காலத்தைக் கழித்தவன், ஒரு மணி நேரம் பெண்டாட்டி பிள்ளைகளோடு காற்று வாங்கிக்கொண்டு ஊரைப் பார்ப்பது ஒரு தப்பா? ஆசைப்பட்டவர்கள் மேல் குற்றம் இல்லை. காசை வாங்கிக்கொண்டு ஏற்றினவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஹாரன் அடிக்காமல் முந்தலாமா?

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஓட்டல் கப்பலின் கேப்டன் ஆற்றைக் கவனிக்கவில்லை, முந்தப் போவதாக ரேடியோவில் தகவல் சொல்லவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். 2023 செப்டம்பரில் விசாரணைக் கோர்ட்டு அவருக்கு ஐந்தரை ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

நம் ஊரில் ஆட்டோக்காரர்கூட ஒரு சைக்கிளை முந்துவதற்குள் நாலு தடவை ஹாரன் அடிப்பார். 135 மீட்டர் கப்பல் ஒரு சத்தமும் கொடுக்காமல் முந்தலாமா?

ஆனால் கேப்டன் ஒருவரோடு கணக்கு தீர்ந்துவிடுமா? மழை கொட்டும் இருட்டில், கரை புரண்டு ஓடும் ஆற்றில், பெரிய கப்பலும் சின்னப் படகும் ஒரே பாதையில் போக அனுமதி கொடுத்தது யார்? அவர்களையும் கேட்க வேண்டாமா?

பெயரும் ஒன்று, கதியும் ஒன்று

எங்கோ ஐரோப்பாவில் நடந்ததுதானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "கடல்கன்னி" என்று பெயர் வைத்த படகு நம் பக்கத்து ஊரிலும் கவிழ்ந்தது.

2009 செப்டம்பர் 30-ந் தேதி. தேக்கடி ஏரி. படகின் பெயர் "ஜலகன்யகா". தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. மாலை நேரம். கரையில் மிருகங்கள் தெரிந்தன. "அதோ பார், அதோ பார்" என்று ஜனங்கள் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து வந்தார்கள். படகு சாய்ந்தது, கவிழ்ந்தது. 45 பேர் பலி. இறந்தவர்களில் தமிழ்நாட்டில் இருந்து சுற்றுலா போனவர்கள் பலர். எத்தனையோ வீடுகளில் பெட்டி படுக்கைக்குப் பதில் பிணம் வந்து இறங்கியது.

அதற்குப் பிறகாவது பாடம் படித்தோமா? 2023 மே 7-ந் தேதி, கேரளாவில் மலப்புரம் மாவட்டம் தானூர். இருட்டும் நேரம். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த உல்லாசப் படகு. 22 பேர் ஏற வேண்டியதில் 35 பேருக்கும் மேல் ஏறினார்கள். கவிழ்ந்ததில் 22 பேர் செத்தார்கள். அதில் குழந்தைகள் பலர். சவாரி போகக் கூடாத நேரத்தில் கிளம்பியது என்ற புகார் செத்தவர்களை எடுத்த பிறகுதான் பெரிதாகக் கிளம்பியது. போலீசார் உரிமையாளரைக் கைது செய்தார்கள். மாண்டவர்கள் திரும்பி வந்தார்களா?

லண்டன் படித்த பாடம்

இதில் வேதனை என்னவென்றால், புடாபெஸ்டில் நடந்தது முப்பது வருஷத்துக்கு முன்பே ஒரு தடவை நடந்துவிட்டது.

1989 ஆகஸ்டு 20-ந் தேதி, லண்டன் தேம்ஸ் நதி. நள்ளிரவு தாண்டி விடியாத நேரம். "மார்ச்சியோனெஸ்" என்ற உல்லாசப் படகில் பிறந்த நாள் விருந்து. பாட்டும் ஆட்டமுமாக இளவட்டங்கள். பின்னால் வந்த மணல் அள்ளும் கப்பல் இடித்தது. 51 பேர் பலி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரவு நேரம். ஊருக்கு நடுவே ஆறு. பாலத்துக்குப் பக்கம். சின்னப் படகைப் பெரிய கப்பல் பின்னால் இருந்து இடிக்கிறது. அச்சில் வார்த்த மாதிரி இல்லையா?

லண்டனில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. முழு விசாரணை வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு மேல் போராடினார்கள். கடைசியில் விசாரணை நடந்தது. அதன் பலனாக 2002-ல் தேம்ஸ் நதியோரம் நாலு இடத்தில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் வந்தன. ராத்திரி பகலாக அங்கே ஆள் தயார். ஆற்றில் யாராவது விழுந்தால் சில நிமிடத்தில் படகு பறக்கும். தீயணைப்பு வண்டி போல ஆற்றுக்கு ஒரு வண்டி!

ஆனால் அதற்கு விலை என்ன? 51 உயிர், 12 வருஷத்துக்கும் மேல்.

லைப் ஜாக்கெட் மட்டும் போதுமா?

படகுத் துறையில் நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டும்.

"ஏங்க, இதைப் போட்டா புடவை எல்லாம் கசங்கிடுங்க. ஒரே நாத்தம் வேற."

"சரி விடு, அரை மணி நேரம்தானே, என்ன ஆயிடப் போவுது?"

படகுக்காரரும் சிரித்துக்கொண்டே, "முப்பது வருஷமா ஓட்டறேன் சார், ஒண்ணும் ஆவாது" என்பார். ஒண்ணும் ஆகாத முப்பது வருஷத்தையும் ஏழு நொடி சாப்பிட்டுவிடும் என்பதற்குத்தான் டான்யூப் ஆறு சாட்சி.

அதே சமயம் லைப் ஜாக்கெட் மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் ஏமாளித்தனம். திறந்த படகில் அது உயிரைக் காக்கும். கண்ணாடி போட்டு மூடின அறைக்குள் உட்கார்ந்து இருந்தால் கதை வேறு. படகு தலைகீழாகி உள்ளே தண்ணீர் நிறைந்தால் மிதக்கும் சட்டையே ஆளைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும். வாசல் கீழே இருக்கும், ஆள் மேலே மாட்டிக்கொள்வான். ஆகவே வெளியே வரும் வழி எது, கதவு சுலபமாகத் திறக்குமா, நெரிசல் இல்லாமல் ஆட்கள் வர முடியுமா என்பதும் முக்கியம்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்...

விபத்து நடந்தால் வழக்கமாக என்ன நடக்கிறது? மந்திரி வருவார். நிவாரணம் அறிவிப்பார். படகு சவாரிக்குத் தடை போடுவார்கள். பரபரப்பு அடங்கியதும் அதே படகு, அதே துறை, அதே கூட்டம். தடை போடுவதால் ஆகிற காரியம் இல்லை. நாலு படகுக்காரர் பிழைப்புதான் போகும்.

சவாரி நடக்கட்டும். ஆனால் துறையில் படகின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் ஒரு பொறுப்பான ஆள் நாலு காரியத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலையை எண்ண வேண்டும், ஒரு தலை கூடினாலும் இறக்கிவிட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவில் லைப் ஜாக்கெட் மாட்ட வேண்டும். வெளியே வரும் வழியை வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். மழை, காற்று, வெள்ளம் என்றால் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்ப வேண்டும். இருட்டிய பிறகு சவாரி உள்ள இடத்தில், விளக்கோடு ஒரு மீட்புப் படகு தண்ணீரில் நிற்க வேண்டும். கரையில் கட்டிப்போட்டு, சாவியைத் தேடுகிற படகு அல்ல!

இதற்கு என்ன பெரிய செலவு? ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு பேனா. அந்தக் கையெழுத்து இருந்தால், நாளைக்கு ஏதாவது நடந்தால் "எனக்குத் தெரியாது" என்று யாரும் தப்ப முடியாது. ஓட்டினவன் மட்டும் கம்பி எண்ணி, ஓட்ட அனுமதித்தவன் வீட்டில் தூங்கும் நிலை மாறும்.

பயணிகளுக்கும் பங்கு உண்டு. கூட்டம் அதிகம் என்று தெரிந்தால் ஏறாதீர்கள். அடுத்த படகு வரும், உயிர் வராது. அக்கரையில் யானையே வந்தாலும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள். ஜாக்கெட் கேட்டால் படகுக்காரர் முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்! காய்கறிக் கடையில் எட்டணாவுக்கு எத்தனை பேரம் பேசுகிறோம், உயிருக்காக ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

புடாபெஸ்டில் மார்கிட் பாலத்துக்குப் பக்கத்தில் இறந்தவர்களுக்கு 2021-ல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நினைவுச் சின்னம் வைப்பதைவிட, 6 வயதுக் குழந்தைக்கு ஒரு சின்ன ஜாக்கெட் வைப்பது சுலபம் இல்லையா?

படகு விடுகிறவர்களும், அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும் அடுத்த கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் சிந்திப்பார்களா?