கல்லூரித் தெரிவுக்கு முன் எழும் கேள்வி

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும், பிள்ளையைப் பொறியியலாளராக்க விரும்பும் மலையகக் குடும்பங்கள் எதிர்கொள்வது 'எங்கே சேர்ப்பது?' என்ற கேள்வியையே. ஊழியர் சேமலாப நிதியையும் கழுத்து நகையையும் நம்பி எடுக்கப்படும் இம்முடிவு பிழைத்தால், அதனைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு மறு வாய்ப்புக் கிடைப்பதரிது.

குடிசார் பொறியியலுக்கு அரச பல்கலைக்கழகங்களே முதல் தெரிவாதல் வேண்டும். பேராதனை, மொரட்டுவை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றோடு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பீடமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இத்துறையைக் கற்பிக்கின்றன. கற்கைக் கட்டணம் கிடையாது. புதியவை, தொலைவிலுள்ளவை என்பதற்காகக் கிளிநொச்சியையும் ஒலுவிலையும் விண்ணப்பத்தில் குறிப்பிடாது விட்டு, பின்னர் தனியார் நிறுவனமொன்றில் இலட்சக்கணக்கில் செலுத்துவது விவேகமன்று.

தனியார் நிறுவனத்தை நாடுவோர், பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அப்பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்கின்றதா என்பவற்றைப் பணம் செலுத்து முன்னரே உறுதிசெய்தல் அவசியம். இந்நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. அதன் அங்கீகாரமுள்ள பட்டத்துக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. அங்கீகாரமற்ற பட்டமோ, கடன் முடிந்த பின்னரும் வேலையின் வாசலில் நிறுத்திவிடும்.

ஆயினும், தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலாருக்கு இக்கேள்வியே எழுவதில்லை என்பதுதான் வேதனைக்குரியது. பொறியியல் பீடத்தின் வாசல், உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்றவர்களுக்கே திறக்கும். அவற்றைத் தமிழ் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்களோ தோட்டப் பகுதிகளில் மிக அரிது. சாதாரண தரத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கிய மாணவரும் கலைப் பிரிவை நாடுவது, விருப்பத்தினால் அன்று, வேறு வழியின்மையினாலேயாகும்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றது. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் அடங்கும். ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியதேயன்றித் தோட்டத்துக்கு உரியதன்று. கணிதப் பிரிவே இல்லாத பாடசாலையின் மாணவருக்கு அதனால் விளையும் பயன் யாது?

இது தனிமனித முன்னேற்றம் பற்றிய விடயம் மாத்திரமன்று. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகச் சரிவுகளை மீண்டும் பெயர்த்தது. எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எங்கே வடிகால் வெட்ட வேண்டும் எனக் கூறும் பொறியியலாளர்களில், லயன் அறையில் வாழ்ந்தவர் எத்தனை பேர்? அம்மக்களுடன் அவர்களின் மொழியிலேயே பேசக்கூடியவர் எத்தனை பேர்?

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கல்வி வலயத்திலும் நிரந்தர ஆசிரியர்களைக் கொண்ட தமிழ்மொழி மூலக் கணிதப் பிரிவு ஒன்றேனும் இயங்க வேண்டும். மத்திய, ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகளும் மலையக மக்கள் பிரதிநிதிகளும் இதனை முதற்கடமையாகக் கொள்ள வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். அதுவரை, எந்தக் கல்லூரி என்ற கேள்வி நகரத்துப் பிள்ளைகளின் கேள்வியாகவே இருந்துவிடும்.