பதினேழாம் மாடியிலிருந்து பூங்கா எவ்வளவு தூரம்?

"அம்மா, மூத்திரம் வருது."

பூங்காவுக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சின்னவள் ஸ்ட்ரோலரில் தூங்கிவிட்டாள். மூத்தவன் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான். பூங்காவில் கழிப்பறை இருந்தது, ஆனால் கதவில் பூட்டு. பனி கரைந்துவிட்டாலும் நகரசபையின் கணக்கில் அது இன்னும் குளிர்காலம். எங்கள் வீடு பதினேழாம் மாடியில். இரண்டு லிஃப்ற்றில் ஒன்று பழுது. போய்த் திரும்பி வர முக்கால் மணித்தியாலம் வேண்டும். நாங்கள் திரும்பி வரவில்லை.

ரொறொன்ரோவின் சென்ற். ஜேம்ஸ் டவுனில் இருந்தபோது நடந்தது இது. இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு இந்த நகரத்தில் முதல் விலாசம் அந்தத் தொடர்மாடிகள்தான். 1960களில் அவற்றைக் கட்டியவர்கள் மனத்தில் வைத்திருந்தது நகர மையத்தில் வேலைபார்க்கும் இளம் தனியாட்களை. குழந்தை, மாமியார், அரிசி மூட்டை எதுவும் அந்த வரைபடத்தில் இல்லை. கோபுரங்களுக்கு இடையே புல்வெளி விட்டால் அதுவே பூங்கா என்பது அக்காலத் திட்டமிடலின் நம்பிக்கை. அந்தப் புல் யன்னலிலிருந்து பார்ப்பதற்கு. பந்தோடு இறங்கினால் 'இங்கே விளையாடக் கூடாது' என்ற பலகை நிற்கும்.

பூங்கா என்றதும் சூழலியல் பேசுகிறார்கள். மரம், காற்று, பறவை. நல்ல விஷயங்கள்தான். நான் பேச வந்தது உழைப்பைப் பற்றி. வளவு இல்லாத வீட்டில் குழந்தையை வெளியே கூட்டிப்போவது ஒரு வேலை. உடுப்பு மாற்ற வேண்டும், தண்ணீரும் தீனியும் கட்ட வேண்டும், லிஃப்ற்றுக்குக் காத்திருக்க வேண்டும், வீதி கடக்க வேண்டும், அங்கே போய் ஒரு கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். பின்வளவு உள்ள வீட்டுக்காரி குசினி யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டே கறியைக் கிளறலாம். கோபுரத்தில் இருப்பவளுக்குப் பூங்காதான் வேலைத்தலம். அதைச் சுருக்குகிறவர்கள் அவளுடைய நாளிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள். அந்த நேரத்துக்கு எந்தச் சட்டத்திலும் கணக்கு இல்லை.

சட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 2022 நவம்பரில் ஒன்ராறியோ மாகாண அரசு 23ஆம் சட்டமூலத்தை நிறைவேற்றியது. வீடுகளை விரைவாகக் கட்டுவதற்காம். அதுவரை 300 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேர் வரை பூங்கா நிலம் கேட்கும் உரிமை நகரசபைகளுக்கு இருந்தது. அதை 600 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேர் ஆக்கினார்கள். நிலத்துக்குப் பதில் காசு வாங்கினால் 500 என்றிருந்தது 1,000 ஆனது. அதற்கும் மேல் ஓர் உச்சவரம்பு: மனை 5 ஹெக்டேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் மனையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக் கூடாது. கட்டடம் இருபது மாடியானாலும் அறுபது மாடியானாலும் அதே 10 விழுக்காடு.

அரை ஹெக்டேர் மனையில் 600 வீடுகள் எழும்புகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக்கூடிய பூங்கா 500 சதுர மீட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு சதுர மீட்டர்கூட வராது. அதில் ஸ்ட்ரோலரை நிறுத்தி வைக்கலாம், தள்ள முடியாது.

நகரத்தில் ஆளுக்குச் சராசரி 28 சதுர மீட்டர் பூங்கா இருக்கிறது என்று 2019இன் பூங்கா நில உத்தி சொல்கிறது. சராசரியில் பெரிய காடுகளும் பள்ளத்தாக்குகளும் அடங்கும். இரண்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேருவதற்குள் குழந்தை பசியில் அழத் தொடங்கிவிடும். நகர மையத்தில் நிலமே இல்லையே என்றால், இல்லைத்தான். 2016இல் ரயில் பாதைக்கு மேலே 21 ஏக்கரில் பூங்கா அமைக்கப்போவதாக நகரசபை அறிவித்தது. தண்டவாளத்துக்கு மேலிருக்கும் வெளியை உரிமை கொண்டாடிய கட்டட நிறுவனங்கள் தீர்ப்பாயம் போயின. 2021இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. காற்றுக்கும் உறுதி எழுதி வைத்திருக்கிறார்கள்!

பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. தோர்ன்கிளிஃப் பார்க்கிலும் இதே மாதிரிக் கோபுரங்கள்தான், பாகிஸ்தானியரும் ஆப்கானியரும் இந்தியரும் நிறைந்த இடம். பராமரிப்பின்றிக் கிடந்த ஆர்.வி. பர்கெஸ் பூங்காவை அங்குள்ள பெண்கள் குழு அமைத்துக் கையிலெடுத்தார்கள். கோடையில் வெள்ளிக்கிழமைச் சந்தை வைத்தார்கள், தைத்ததையும் சமைத்ததையும் விற்றார்கள். 2013இல் பூங்காவுக்குள்ளேயே ஒரு தந்தூர் அடுப்பு வந்தது. நான் இதை மனமாரக் கொண்டாடுகிறேன். கொண்டாடும்போதே ஒரு கோபமும் வருகிறது. நகரம் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையை, வீட்டுவேலை முடித்த பெண்கள் இனாமாகச் செய்தால்தான் பூங்கா கிடைக்குமா?

இனி எங்கள் ஆட்களிடம் வருகிறேன்.

இப்போது நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். எனக்கும் ஒரு பின்வளவு உண்டு, கோடையில் கத்தரியும் மிளகாயும் வைக்கிறேன். பக்கத்துப் பிரதான வீதியில் கோபுரம் வரப்போகிறது என்றதும் எங்கள் தெரு விழித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் மாறி ஒருவர் எழும்பிப் பேசினார்கள்: மரம் போய்விடும், வெயில் மறையும், பூங்காவில் சனம் கூடிவிடும். பேசியவர்களில் பாதிப்பேர் தமிழர். சென்ற். ஜேம்ஸ் டவுனில் ஒரே அறையில் ஆறு பேராகப் படுத்து எழும்பியவர்கள். அன்றைக்கு அந்தக் கோபுரமும் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே போயிருப்போம்? 'சனம்' என்று அவர்கள் சொன்னது யாரை? நேற்று விமானத்தால் இறங்கியவளை, இரவில் முதியோர் இல்லத்தில் வேலைசெய்துவிட்டுப் பகலில் பிள்ளை பார்க்கிறவளை.

கோபுரத்தை எதிர்ப்பது பூங்காவைக் காப்பது ஆகாது. கட்டட நிறுவனம் வீட்டுப் பஞ்சத்தைக் காட்டிப் பூங்காவை வெட்டுகிறது. வீட்டுச் சொந்தக்காரர் பூங்காவைக் காட்டி வீட்டை மறிக்கிறார். இரண்டு பக்கமும் விலை கொடுப்பவள் ஒருத்தியே, அவள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பின்னேரம் ஏழு மணிக்கு வைத்தால் எப்படி வருவாள்?

கையெழுத்து வாங்கப் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தார். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன் அக்கா, உங்களுக்கும் பிரச்சினைதானே?"

"கட்டட்டும், ஆனால் அந்த மனையிலேயே ஒழுங்கான பூங்கா வேண்டும், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிற கழிப்பறை வேண்டும் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ தம்பி, முதல் ஆளாய் வைக்கிறன்."

"கழிப்பறையோ?" என்று சிரித்தார்.

அவருடைய மனைவியைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசியில். நான் எழுதிய தாளில் இதுவரை பதினொரு கையெழுத்து, அவருடைய மனைவியுடையது நான்காவது.