கடைசி வாங்குப் பிள்ளையும் ஆசிரியரின் நம்பிக்கையும்

உயர்வகுப்புக்களிலே பரீட்சைச் சித்திகள் பெருகுதல் ஒரு கல்லூரிக்குப் பெருமை தருவதே. ஆயினும் அக்கல்லூரியின் தரத்தை உள்ளபடி அறிய விரும்புவோர் அதன் ஆரம்பப் பிரிவுக்குச் சென்று, கடைசி வாங்கிலே இருக்கும் பிள்ளைக்கு அங்கே யாது நிகழ்கின்றதென நோக்குதல் வேண்டும். கண்பார்வை குறைந்த பிள்ளை, காது மந்தமான பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படும் பிள்ளை, ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாத பிள்ளை ஆகியோர் நம் பாடசாலைகளுக்குப் புதியவரல்லர். "இப்பிள்ளைக்கும் என்னாற் கற்பிக்க முடியும்" என்னும் நம்பிக்கை வகுப்பாசிரியருக்கு உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

பவணந்தி முனிவர் தமது நன்னூலிலே கடைமாணாக்கருக்குக் கூறிய உவமைகளுள் இல்லிக்குடமும் ஒன்று. ஓட்டைக்குடம் என்று ஒரு பிள்ளையை ஒதுக்குமுன், ஊற்றிய நீர் குடத்தின் வாயைச் சென்றடைந்ததா என்று பார்த்தோமா? செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குப் பாடம் முற்றாகச் சென்று சேர்வதில்லை. "கொ" என்று எழுதும்போது, பின்னே ஒலிக்கும் உயிருக்குரிய கொம்பைக் ககரத்துக்கு முன்னே இடுகின்றோம். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறுபடும் இத்தகைய இடத்திலே வாசிப்பு இடர்ப்பாடுடைய பிள்ளை தடுமாறினால், அது சோம்பலென்று கொள்ளற்பாலதன்று. பிள்ளை எவ்வழியால் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து கற்பித்தல் வேண்டுமென ஆசிரியருக்கு விதித்ததும் அந்நன்னூலேயன்றோ?

சட்டங்கள் இல்லாமலில்லை. 1994 ஆம் ஆண்டு ஸ்பானிய நாட்டுச் சலமன்கா நகரிலே 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் பொதுப் பாடசாலைகளிலே ஒருங்கு கற்றல் வேண்டுமென்னும் கொள்கையை ஏற்றனர். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாகக் கல்வி நிறுவன அனுமதியிற் பாரபட்சம் காட்டலாகாதென விதித்தது. எனினும் சட்டம் பாடசாலையின் வாயிலைத் திறக்குமேயன்றி, வகுப்பறையினுள்ளே பாடத்தைத் திறந்து கொடுக்கமாட்டாது. அது ஆசிரியரின் பணி.

அப்பணிக்கு வேண்டிய நம்பிக்கை எவ்வாறு பிறக்கும்? அல்பேட் பண்டூரா என்னும் உளவியல் அறிஞர் 1977 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையிலே இதற்கு விடை கூறியுள்ளார். தானே செய்து வெற்றி காணுதல், தன்னை ஒத்தவர் செய்வதைக் காணுதல், பிறர் ஊக்கவுரை, அச்சமும் பதற்றமும் அடங்கிய மனநிலை என்னும் நான்கும் நம்பிக்கையின் ஊற்றுக்கள். இவற்றுள் முதலாவதே வலியது. ஒருநாட் கருத்தரங்கு ஊக்கவுரையை அளிக்கலாம். தானே செய்து பெறும் வெற்றியை அளிக்கமாட்டாது. அதனாலேதான் கருத்தரங்கிலே தலையசைத்த ஆசிரியர் மறுநாள் அப்பிள்ளையின் முன்னே மீண்டும் தயங்குகின்றார்.

"வகுப்பிலே பிள்ளைகள் பலர், பாடத்திட்டம் பெரிது, ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையோ நெருங்குகின்றது, ஒரு பிள்ளைக்காக ஏனையோரை நிறுத்தி வைக்கலாமா?" என ஆசிரியர் வினவுவர். இவ்வினா நியாயமானதே. ஆதலின் குறையை அவர்தலையிற் சுமத்துதல் தகாது. துணையின்றி விடப்பட்டவரிடம் துணிவை எதிர்பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்?

கல்லூரி செய்யத்தக்கவை மூன்று. முதலாந் தரத்திற் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் காதையும் பரிசோதித்தல் வேண்டும். விசேட கல்வி பயின்ற ஆசிரியர், பிள்ளையை வேறிடத்துக்கு அழைத்துச் செல்வதோடு அமையாது, வகுப்பறைக்கே வந்து வகுப்பாசிரியருடன் சேர்ந்து கற்பித்தல் வேண்டும். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் சென்று காண, வாரத்தில் ஒரு பாடவேளையேனும் ஒதுக்குதல் வேண்டும்.

பழைய மாணவர் மண்டபமும் விளையாட்டரங்கும் அமைக்க வாரி வழங்குகின்றனர்; அது போற்றத்தக்கதே. நம்முள் வைத்தியர் உளர், கல்வியாளர் உளர், பொருள்வளம் உடையோரும் உளர். இந்த யூபிலி ஆண்டிலே அவ்வுதவியில் ஒரு பங்கு கடைசி வாங்கையும் சென்றடையுமாயின், கல்லூரி அன்னை தன் பிள்ளைகள் அனைவருக்கும் அன்னையாவாள்.